லீக்ஸ் மூட்டையும் என் வலது காலும்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். என் எழுத்துப்பிழைகளைப் படுக்க வைக்க ஆஸ்பத்திரியில் தனி வாட் வேண்டும். ஆனால் கால் முறிந்து பிளாஸ்டரோடு கிடக்கிற யாராவது இதை வாசிக்கக்கூடும். அவருக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு ஊர் கப்பல்துறை. சீனக்குடா விமானத்தளத்திலிருந்து உல்லாசப் பயணிகளை ஏற்றிப் போகும் ஒரு சின்ன விமானத்தில் நானும் கிண்ணியா ஊர்க்காரன் றிஸ்வானும் சாமான் தூக்குகிறவர்கள். அன்று இரண்டு வெள்ளைக்காரரை மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்து ஓடுபாதையில் இறக்கினோம். திரும்பும்போது பயணிகள் இல்லை. மலைநாட்டுக்குப் போனவன் மரக்கறி இல்லாமல் வீடு திரும்புவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை.

“வெறுங்கையோட போனா உம்மா வாசல்லயே நிப்பாட்டிருவா மச்சான்,” என்று றிஸ்வான் லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு என்று மூட்டை மூட்டையாக வாங்கினான். விமானம் ஓட்டிய கப்டனும் தன் வீட்டுக்கும் சேர்த்து வாங்கச் சொன்னார்.

இதைவிடக் கூடின பாரத்தோடு சீனக்குடாவில் எத்தனையோ தரம் எழும்பியிருக்கிறோம். ஆனால் அது கடல்மட்டம். மேலே காற்று மெல்லிசு. உச்சி வெயிலில் இன்னும் மெல்லிசு. சிறகுக்குப் பிடி கிடைக்காது. கப்டனுக்குத் தெரிந்திருக்கும்தான். பழக்கம் அதை மறைத்துவிட்டது.

விமானம் எழும்பியது. பிறகு ஏறவில்லை. தேயிலைச் செடிகள் எங்களோடு கூடவே வந்தன. எச்சரிக்கை மணி விடாமல் கத்தியது. இடது சிறகு மரத்தில் பட்டது.

கண் திறந்தபோது என் வலது கால் மூட்டைகளுக்கு அடியில் இருந்தது. கப்டன் முறிந்த தோளைப் பிடித்துக்கொண்டு முனகினார். றிஸ்வான் நெற்றியில் இரத்தம் வழிய மூட்டைகளைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில், முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிவு என்று பிளாஸ்டர் போட்டார்கள். பின்னேரம் நோவு கூடியது. ஊசி போட்டும் அடங்கவில்லை. பிறகு விரல்கள் மரத்தன.

“மிஸ், என்ட விரலை எலி கொண்டு போயிட்டுது போல, பாருங்கோ,” என்றேன்.

தாதி சிரித்தார். றிஸ்வானும் சிரித்தான். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து நான் விட்ட பகிடிகளில் இதுவும் ஒன்று என்று நினைத்தார்கள். மாலையில் விரல்கள் மெழுகு நிறமாகிவிட்டன.

டொக்டர் வந்து குனிந்தார். “நோகுதா?”

“குத்துங்கோ டொக்டர், பிறகு சொல்றன்.”

“குத்திட்டன் தம்பி.”

யாரும் சிரிக்கவில்லை.

கொம்பார்ட்மென்ட் சின்ட்றோம் (தசைக்குள் வீக்கம் ஏறி இரத்த ஓட்டத்தை நெரிப்பது) என்றார். “இப்பவே கீறித் திறந்து விடோணும். பிந்தினா காலை எடுக்க வேண்டி வரும். திறந்தாலும் நரம்பு திரும்புமெண்டு சொல்ல ஏலாது.”

“மூட்டை விழுந்ததாலயா டொக்டர்?” என்று கேட்டான் றிஸ்வான். அவர் சத்திரசிகிச்சைப் படிவத்தை என்னிடம் நீட்டினார்.

கால் தப்பியது. பாதம் திரும்பவில்லை. ஃபுட் டிறொப் (பாதத்தை மேலே தூக்க முடியாமல் தொங்குவது) என்கிறார்கள். நரம்பு வராவிட்டால் இனிப் பாரம் தூக்கும் வேலை இல்லை.

இப்போது வீட்டில் இருக்கிறேன். றிஸ்வான் வந்தால், “அம்மா, லீக்ஸ் முதலாளி வந்திட்டார், கதிரை போடுங்கோ!” என்று கத்துவேன். முந்தியென்றால் பகிடிக்குப் பகிடி திருப்பித் தந்திருப்பான். இப்போது கதிரையில் உட்கார்ந்துவிடுகிறான். என் முகத்தைப் பார்ப்பான், பாதத்தைப் பார்க்கமாட்டான்.

பிளாஸ்டரோடு கிடக்கிறவரே, நோவு மருந்துக்கு அடங்காவிட்டால், விரல் மரத்தால், பகிடி விடாதீர்கள். வாட்டே எழும்பச் சத்தம் போடுங்கள்.

மணிக்கூட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பாதத்தைத்தான் பார்க்கிறேன். யாரோ என் கட்டிலில் மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி அது கிடக்கிறது. எடுத்துப்போக வருவார்களோ என்று சில வேளை பயமாக இருக்கிறது. நாள் நகர்வதே தெரியவில்லை. நரம்பு வளரும் வேகத்தில்தான் எனக்குக் காலம்.

இன்று காலை பெருவிரல் ஒரு தரம் எழும்பியது. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மா ஓடி வருவதற்குள் படுத்துவிட்டது. எவ்வளவு முக்கியும் பிறகு அசையவில்லை. என்னைத் தவிர வேறு ஒருவரும் காணவில்லை.

றிஸ்வானுக்குச் செய்தி அனுப்பினேன்: “பெருவிரல் அசைஞ்சது மச்சான். சத்தியமாப் பகிடி இல்ல.”

பதில் வந்தது: “வீடியோ அனுப்புடா, பிறகுதான் அழுவன்.”