காபி மக் கொடுத்த சுருதி

நேற்று சாயங்காலம் ஒரு காபி மக்கை நம்பி மோசம் போனோம்!

நாங்கள் என்றால், லிங்கராஜபுரத்தில் எங்கள் சர்ச் கொயர்.

என் கணவர் எட்வின்தான் கொயர் மாஸ்டர், கீபோர்டும் அவரே. (சர்ச்சில் அவர் கை அசைத்தால் எல்லோரும் நிறுத்துவார்கள். வீட்டில் அது நடக்காது.) பேஸ் என்கிற அடிக்குரலுக்கு சாலமன் அங்கிள், டெனருக்கு ஜான்சன் அண்ணன், உச்சஸ்தாயிக்கு மேரி அக்கா, நடுவில் நான்.

புதிதாக வந்திருக்கும் பாஸ்டருக்கு எங்கள் மேல் ஒரு சந்தேகம். "கிறிஸ்துமஸுக்கு கொயர் பாடணுமா, இல்ல டிராக் போட்டு ஸ்பீக்கர்ல விட்டுடலாமா? ஒரு தடவ கேட்டுட்டு சொல்றேன்" என்றார்.

கேட்பதற்கு நேற்று எங்கள் வீட்டுக்கே வருவதாக ஏற்பாடு.

கொயர் முன்னாடியே வந்து சேர்ந்தது. வெந்நீர் வைத்து எல்லோருக்கும் இன்ஸ்டன்ட் காபி கலக்கினேன். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

எல்லாம் இந்த வீட்டு அறிவியல் குரூப்பால் வந்தது. (இட்லி மாவு ஏன் பொங்குகிறது என்று நாள் முழுக்கச் சண்டை போடுவோம்.) அதில் ஒரு அக்கா கேட்டிருந்தார்: "வெந்நீர்ல காபித்தூள் போட்டு நல்லா கலக்கிட்டு, மக்கோட அடியில ஸ்பூனால தட்டிக்கிட்டே இருங்க. சத்தம் மாறுது! எனக்கு மட்டும்தான் இப்படியா?"

நானும் தட்டினேன்.

டொங்... டொங்... டங்... டிங்!

எட்வின் திரும்பிப் பார்த்தார். "ஏய் சுகந்தி, சுருதி ஏறுது!"

அவ்வளவுதான். ஆளுக்கொரு மக், ஆளுக்கொரு ஸ்பூன். மறுபடி கலக்கினால் சத்தம் கீழே இறங்குகிறது. தட்டத் தட்ட மேலே ஏறுகிறது. "சக்கத்தா இருக்கும்மா, சூப்பர்!" என்று ஜான்சன் அண்ணன் துள்ளினார். பிராக்டிஸுக்கு என்றைக்கும் அவர் இப்படித் துள்ளியதில்லை.

குரூப்பில் கேட்டேன். ஒரு பிசிக்ஸ் டீச்சர் உடனே பதில் போட்டார்: "கலக்கும்போது பொடிப்பொடியா காத்துக் குமிழி வருது இல்லையா? குமிழி இருக்கிற தண்ணியில ஒலி மெதுவா போகும், அதனால சத்தம் கனமா கேக்கும். குமிழி வெளியேற வெளியேற சத்தம் மேல போகும். முடிஞ்சா ஆடியோ போடுங்க!"

ஆடியோவுக்காக போனில் ரெக்கார்டிங்கை ஆன் பண்ணி மேசையில் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து எட்வினுக்கு பாஸ்டரிடமிருந்து போன். வழி தவறி வேறு கிராஸில் (குறுக்குத் தெருவில்) மழையில் நிற்கிறாராம். எட்வின் குடையை எடுத்துக்கொண்டு ஓடினார். போகும்போதே ஆர்டர்: "படி ஏறும்போதே பாட்டு அவர் காதுல விழணும். ஸ்டார்ட் பண்ணிடுங்க!"

அவர் கேட்டைத் தாண்டியதும் கரண்ட் போனது. கீபோர்டு செத்தது.

"போன்ல சுருதி ஆப் இருக்கு" என்றேன்.

"ஆப் எதுக்குமா? சுருதிதான் கையிலயே இருக்கே!" என்று ஜான்சன் அண்ணன் மக்கைத் தூக்கினார். நன்றாக ஒரு கலக்கு கலக்கினார்.

(டீச்சரின் விளக்கத்தைப் படித்தவள் நான்தான். தடுத்திருக்கலாம். மேசையில் சிந்திய காபியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.)

எங்கள் பாட்டு ஒவ்வொரு குரலாக வந்து சேரும் பாட்டு. எல்லோருக்கும் ஒரே சுருதி வேண்டும்.

சாலமன் அங்கிளுக்கு மக் டொங் என்றது. அவர் தரைக்கு அடியில் போய்ப் பாட ஆரம்பித்தார்.

அடுத்த வரியில் ஜான்சன் அண்ணன் தனக்குத் தட்டிக்கொண்டார். டங்.

எனக்கு வந்தபோது டிங். ஏதோ சரியில்லை என்று தோன்றியது. ஆனால் படியில் செருப்புச் சத்தம் கேட்டுவிட்டது!

கடைசியில் மேரி அக்கா. மக் டீங் என்றது. அக்கா எந்த உயரத்துக்கும் முடியாது என்று சொல்பவர் அல்ல. கண்ணை மூடிக்கொண்டு ஏறினார்.

நான்கு பேர், நான்கு சுருதி, முழு பக்தி.

மாடியிலிருந்து ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி கன்னடத்தில் கத்தினார்: "ஏனாயித்து? யாராத்ரு பித்ரா?" (யாராவது விழுந்துவிட்டார்களா என்று விசாரிக்கிறார்.)

திரும்பினால், வாசலில் எட்வின். ஹாலுக்குள் வந்தும் குடையை மடக்கத் தோன்றாமல் நின்றார். பக்கத்தில் சொட்டச் சொட்ட பாஸ்டர்.

"ஸ்தோத்திரம் பாஸ்டர்" என்றார் சாலமன் அங்கிள், அதே தரையடிச் சுருதியில்.

"யாருக்காவது உடம்பு முடியலையா?" என்று பாஸ்டர் பதறினார்.

"இல்ல பாஸ்டர், காபிதான்..." என்று ஆரம்பித்து, குமிழி வரைக்கும் ஒப்பித்தேன். கிறிஸ்துமஸுக்கு டிராக்தான் என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

பாஸ்டர் மெதுவாக மக்கை வாங்கினார். கலக்கினார். தட்டினார். மறுபடி கலக்கினார்.

"அட! ராகி மால்ட்ல வருமா இது?"

ராகி மால்ட் காய்ச்சினேன். (கொழகொழவென்று இருந்ததில் சத்தமே வரவில்லை. பாஸ்டருக்கு ரொம்ப வருத்தம்.) அப்புறம் வெறும் வெந்நீர். உப்பு போட்ட வெந்நீர். கரண்ட் வந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

"பாஸ்டர், இப்ப ஒரு தடவ ஒழுங்கா பாடிக் காட்டட்டுமா?" என்று எட்வின் கெஞ்சினார்.

கீபோர்டோடு பாடினோம். நிஜமாகவே நன்றாகப் பாடினோம்! பாஸ்டர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"டிராக் வேணாம். நீங்களே பாடுங்க" என்றார். எட்வின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பாஸ்டர் தொடர்ந்தார்: "டிராக் போட்டா ஜனங்க தூங்கிடுவாங்க. நீங்க பாடினா அடுத்து என்ன ஆகுமோன்னு முழிச்சிருப்பாங்க."

பாராட்டா, திட்டா தெரியவில்லை. வாங்கிக்கொண்டோம்!

டீச்சர் கேட்ட ஆடியோவை இன்று காலையில் குரூப்பில் போட்டேன். முதல் கமென்ட் அவரிடமிருந்துதான்:

"எக்ஸ்பெரிமென்ட் சூப்பர்ங்க. மக் சத்தம் தெளிவா ஏறுது. ஆனா நடுவுல ஒரு நாய் ஊளையிடுதே, அதைக் கட்டிப் போட்டுட்டு மறுபடி ரெக்கார்ட் பண்ணுங்க."

டீச்சர், அது ஜான்சன் அண்ணன்.

அவரும் இந்த குரூப்பில் சேர ரிக்வெஸ்ட் அனுப்பியிருக்கிறார். அட்மின், கொஞ்சம் பொறுத்து அப்ரூவ் பண்ண முடியுமா?