ராகு காலத்தில் நின்ற தண்ணீர்

என் தம்பி சிட்னியை விட்டுக் கனடாவுக்குப் போவதற்கு முதல் நாள், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கடலுக்குள் முக்குளிப்பதாக இருந்தது. கரையோரப் பாலம் ஒன்றின் கீழே, ஆறு மீற்றர் ஆழம்தான். தூண்களில் கடற்குதிரைகள் தொற்றிக்கொண்டிருக்கும். "ஒருக்காலெண்டாலும் உங்களுக்குக் காட்டவேணும் அண்ணை" என்று நாலு வருடமாகக் கேட்டவன். அவனுக்காகவே நானும் பயிற்சிக்குப் போனேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அந்தப் பாடப் புத்தகத்தை முடிக்கவே மாதக்கணக்காயிற்று. அதற்குப் பிறகும் அலை, சுறா, தடிமன் காய்ச்சல் என்று எதையாவது சொல்லித் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

பாலத்தடியில் நினைத்த நேரம் இறங்க முடியாது. கடல் ஏறி முடிந்து, வற்றத் தொடங்குமுன் அரைமணி நேரம் தண்ணீர் அசையாமல் நிற்கும். அதற்குள் போய் வந்துவிட வேண்டும். அந்தச் சனிக்கிழமை அது காலை ஒன்பதேகாலுக்கு. ஞாயிறு அவனுக்கு விமானம், முக்குளித்த அன்றே பறக்கக் கூடாது. ஆகவே சனி காலையை விட்டால் வேறு நேரமில்லை. எல்லாம் ஒழுங்கு செய்து முடித்த பிறகுதான் குசினிச் சுவரிலிருந்த கோயில் கலண்டரைப் பார்த்தேன். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம்.

அவனிடம் சொல்லவில்லை. மணலில் உடுப்பு மாற்றிக்கொண்டு நின்று, காற்றுச் சிலிண்டரை மூன்று தரம் திறந்து மூடினேன். இரண்டு தரம் கழிப்பறைக்குப் போனேன்.

"அண்ணை, தண்ணி நிக்குது. வாங்கோ."

"பொறடா, பெல்ற் இறுக்குது."

அவன் என்னையே பார்த்தான். "எத்தினை மணிக்கு முடியுது?"

"எது?"

"ராகு காலம். உங்கட முகத்தில கலண்டர் தொங்குது."

"பத்தரைக்கு."

"அது தண்ணிக்குத் தெரியுமோ?" சிரித்துக்கொண்டுதான் கேட்டான். பிறகு என்னையும் மணலில் இருத்தி, பக்கத்தில் தானும் உட்கார்ந்துவிட்டான்.

பத்தரைக்கு நான் எழுந்தபோது தூண்களைச் சுற்றித் தண்ணீர் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. "இனி ஏலாது அண்ணை" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் நனையாத உடுப்புகள் இரண்டையும் பின்வளவில் குழாயடியில் அலசிக் கொடியில் போட்டான். என் மனைவி எட்டிப் பார்த்து, "என்ன, கண்டனீங்களோ?" என்றாள்.

"ஓம் அண்ணி, நாலைஞ்சு. அண்ணை பயப்பிடவே இல்லை."

நான் கொடியில் கிடந்த என் உடுப்பை இழுத்துச் சரிசெய்தேன்.

ஆறு மாதத்தில் தம்பி கனடாவில் மாரடைப்பில் போய்விட்டான். செத்தவீட்டுக்கு என்னால் போக முடியவில்லை. துக்கம் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்த எல்லோரிடமும் மனைவி சொன்னாள்: "போறதுக்கு முதல் நாள் அண்ணனும் தம்பியுமாய்க் கடலுக்கடியில போய்க் குதிரை பாத்தவை. அதாவது கிடைச்சுதே." அவர்கள் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் நான் தலையை ஆட்டினேன்.