பதினான்கு விநாடி

நான்கு படங்கள். முதலாவதில் ஒரு பெண் சமைக்கிறாள். இரண்டாவதில் பிள்ளைகள் சாப்பிட உட்காருகிறார்கள். மூன்றாவதில் ஓர் ஆண் வாசலில் வந்து நிற்கிறான். நான்காவதில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள். இவற்றைப் பார்த்து ஆங்கிலத்தில் கதை சொல்ல வேண்டும். பெரியவர்கள் இரண்டாம் மொழியை எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் என் முதுகலை ஆய்வு. மலேசியாவில் காஹாங் என்ற சிற்றூரின் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் நடந்த இலவச ஆங்கில வகுப்புக்கு வந்த பெண்களைப் பேசவைத்துப் பதிவு செய்தேன். ஆய்வேட்டில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். அவர்களில் நான் அக்கா என்று கூப்பிட்ட ஒருவர் ஏழாம் எண்.

அவருக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. ஆங்கிலம் கொஞ்சம் வந்தால் சிங்கப்பூரில் வேலை தேடலாம், இரண்டு பிள்ளைகளோடு ஜொகூர் பாருவில் ஓர் அறை எடுத்துத் தங்கிவிடலாம் என்பார். அந்தத் திட்டத்தில் கணவரைப் பற்றிப் பேச்சே இருக்காது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. என் பட்டம் எனக்குப் பெரிது.

பேசுகிறவர் தடுமாறினால் எடுத்துக்கொடுக்கக் கூடாது, எத்தனை விநாடி மௌனம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் விதி அது. விதியென்றால் நான் இம்மியும் பிசகமாட்டேன். அக்கா முதலிரண்டு படங்களையும் மளமளவென்று சொல்லிவிட்டு மூன்றாவதில் நின்றுவிடுவார். இரண்டு ஞாயிறு அப்படியே போனது. மூன்றாம் ஞாயிறு தமிழில் கேட்டார்.

“தங்கச்சி, இந்தப் படத்த விட்டுட்டு அடுத்ததுக்குப் போலாமா?”

“முடியாதுக்கா. நான் ஒண்ணும் சொல்லக்கூடாது, நீங்களாதான் சொல்லணும்.”

சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டார். பதினான்கு விநாடி. பிறகு, “ஹஸ்பென் கம். எவ்ரிபடி கொயட்” என்றார். ‘சொல்வளம் போதவில்லை’ என்று நான் குறித்துக்கொண்டேன்.

நான் நேரில் போன கடைசி ஞாயிறு அது. இறுதிப் பதிவை இரண்டு மாதம் கழித்துத் தொலைபேசியில் எடுக்க வேண்டும். மூன்று முறை அழைத்தும் அக்கா எடுக்கவில்லை. மற்றப் பெண்களிடம் விசாரித்திருக்கலாம், விசாரிக்கவில்லை. ‘ஏழாம் எண் தாமாக விலகிக்கொண்டார்’ என்று எழுதி ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டேன்.

பட்டம் வாங்கியதும் வகுப்பு நடத்திய ஆசிரியைக்கு இனிப்பு கொண்டுபோனேன். அப்போதுதான் அக்காவைப் பெயர் சொல்லி விசாரித்தேன்.

“தெரியாதா உங்களுக்கு? புருஷன் அடிச்சதுல போயிட்டாங்கம்மா. நீங்க கடைசியா வந்தீங்கள்ல, அந்த வாரந்தான். அவன் ஜெயில்ல இருக்கான். பிள்ளைங்க சித்தி வீட்டுல.”

அந்தப் பதினான்கு விநாடி உள்ள பதிவை இன்னும் வைத்திருக்கிறேன். மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே அவர் மூச்சு வாங்குவது கேட்கும். கேட்கக் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

இப்போது நானே ஜொகூர் பாருவில் ஆய்வு மாணவர்களைப் பழக்குகிறேன். அதே விதியைத்தான் சொல்லித்தருகிறேன். போன வாரம் ஒரு மாணவி என் பழைய ஆய்வேட்டைப் படித்துவிட்டு வந்தாள்.

“மேம், அந்த ஏழாம் நம்பர் பதினாலு செகண்ட் பேசாம இருந்திருக்காங்க. என்னான்னு நீங்க கேக்கலையா?”

கேட்கவில்லை என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. அவளோ, நான் பழக்கியபடியே, எடுத்துக்கொடுக்காமல், என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள்.