வடிவக்காவின் கண்ணில் சிவப்பு மங்கிய நாள்

செய்தி, வடிவக்காவின் மகள் நித்யாவின் குரலில் என் போனுக்கு வந்தது. “ஆன்ட்டி, அம்மா காலைல எழுந்துக்கவே இல்ல. டாக்டர் ஹார்ட்னு சொல்றார். ஜல்தி வாங்க.” ஜனக்புரியில் அவர்கள் வீட்டுக்கு டெல்லி மெட்ரோவில் நின்றுகொண்டே போனேன். அக்காவின் கண்ணுக்காகத்தான் நாங்கள் பயந்திருந்தோம். இதயம் முந்திக்கொண்டது.

சண்முகவடிவு என்ற வடிவக்காவை அறிந்தவர்களுக்கு அவருடைய சிரிப்பையும் கார் ஓட்டும் வேகத்தையும் நான் சொல்ல வேண்டியதில்லை. திருநெல்வேலியிலிருந்து மத்திய அரசு வேலைக்கு வந்து, எங்கள் பிரிவின் அதிகாரியானவர். அவர் காரில்தான் நானும் அலுவலகம் போவேன். கண்நோய் வந்தபோது அவர் எவ்வளவு பயந்தார் என்பது மட்டும் பலருக்குத் தெரியாது.

முதலில் கண் சிவந்தது, நீர் வடிந்தது. டெல்லியின் குளிர்காலப் புகை என்று சொல்லிச் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டோம். பிறகு கண்கள் முன்னே பிதுங்கின. “மேடம், குஸ்ஸா க்யோன்?” கோபம் ஏன் என்று சக ஊழியர் ஒருவர் இந்தியில் கேட்டார். கோபமே இல்லாத மனுஷி சிரித்து மழுப்பினார். கழிவறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கண்ணாடியப் பாத்தா யாரோ மாதிரி இருக்குட்டி. என் மொகத்துல யாரு வந்து உக்காந்திருக்கா?” என்றார்.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அதிகமாகச் சுரப்பது தெரிந்தது. மாத்திரையில் கைநடுக்கம் நின்றது, இளைத்த உடம்பு தேறியது. கண் மட்டும் மோசமாகிக்கொண்டே போனது. கண் மருத்துவரையும் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அக்கா தள்ளிப்போட்டார். “பார்வை போயிரும்னு சொல்லிட்டாருன்னா நான் என்ன செய்ய?”

ஒரு காலை, சாணக்யபுரி ரவுண்டானாவில் திடீரென்று பிரேக் போட்டார். பின்னால் ஹாரன்கள் அலறின. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. “ரெண்டு பஸ் வருதுட்டி. எது நெசம்னு தெரியல.” எதிரே வந்தது ஒரே பஸ். நான் இறங்கி, கையைக் காட்டிக் காட்டி அவரை ஓரம் கட்ட வைத்தேன். காரை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம். சிக்னலில் அக்கா இடக்கண்ணைப் பொத்திக்கொண்டார். “வெளக்கு எரியுதா?”

“எரியுதே அக்கா, சிவப்பா.”

“எனக்குச் செங்கப்பொடி மாதிரி தெரியுது.”

ஆட்டோக்காரரின் தோளைத் தட்டினேன். “பையா, ஹாஸ்பிடல் சலோ” என்றேன்.

கண் மருத்துவர் இளம்பெண். மருந்துப் புட்டியின் சிவப்பு மூடியை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் காட்டினார். மருத்துவரின் முகம் மாறிவிட்டது. கண்ணுக்குப் பின்னால் தசைகள் வீங்கிப் பார்வை நரம்பை நெரிக்கின்றன, தைராய்டு அடங்கினாலும் கண் அடங்கும் என்றில்லை, நிறம் மங்கினால் காத்திருக்கவே கூடாது என்று இந்தியில் விளக்கினார். “வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா? அது இந்த நோயை வளர்க்கும்.” அலுவலகத்திலிருந்து ஓடிவந்திருந்த அக்காவின் கணவர் சட்டைப்பையிலிருந்த சிகரெட் பாக்கெட்டை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

அன்றே நரம்பில் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். ஊசி குத்துவதற்கு முன் அக்கா சொன்னார்: “நித்யாவக் கூப்பிடு. அவ மொகத்த ஒருதரம் நல்லாப் பாத்துக்கிடுதேன்.” பள்ளிச் சீருடையோடு வந்த பெண்ணை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மருந்து மட்டும் போதவில்லை. கண்குழியின் எலும்பைக் கொஞ்சம் அகற்றி இடம் உண்டாக்கும் அறுவை சிகிச்சையும் நடந்தது. கட்டைப் பிரித்த அன்று நான்தான் எதிரே நின்றேன். வெகுநேரம் என்னையே பார்த்தார்.

“ஏட்டி, ஒம் பொட்டு என்ன இம்புட்டுச் செவப்பா இருக்கு!”

பார்வை தப்பியது. கீழே குனிந்தால் மட்டும் படிகள் இரண்டாகத் தெரியும். தனிக் கண்ணாடி போட்டுக்கொண்டு கைப்பிடியைப் பற்றி இறங்குவார். கார் ஓட்டுவதை விட்டுவிட்டார். அதன்பின் யார் கண் சிவந்து பிதுங்கினாலும் விடமாட்டார். தைராய்டு டாக்டர், கண் டாக்டர் இரண்டு பேரையும் பார்க்க வைப்பார். பயப்படுகிறவர்களிடம் ஒன்றே சொல்வார்: “பயம் போகட்டும்னு காத்திருக்காத. அதையும் கூட்டிக்கிட்டுப் போ.”

என் கழுத்தில் சில மாதங்களாக ஒரு சிறு கட்டி. தொட்டுப் பார்ப்பேன், துப்பட்டாவால் மூடிக்கொள்வேன். அக்காவை எரியூட்டிவிட்டு வந்த மறுநாள் மருத்துவமனைக்குப் போனேன். ஊசியால் குத்திச் சோதனைக்கு எடுத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. இதை எழுதும்போதும் பயம் போகவில்லை. ஆனாலும் போனேன், அக்கா. பயத்தையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்பதுதான் உங்களிடமிருந்து எனக்குக் கிடைத்தது.