என்ஜின் வேது

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் வீடுகளில் இருந்தவர்களுக்கு நீராவிமேல் இருந்த நம்பிக்கை சாமிமேல்கூட இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம்தான். ரயிலை ஓட்டியதோடு விட்டார்களா? என்ஜின் கொட்டகையில் பீப்பாய்க்குள் ஆவியை விட்டு எண்ணெய்த் துணி வெளுத்தார்கள், முட்டை அவித்தார்கள். பிள்ளைகளுக்குக் கக்குவான் இருமல் வந்தால் என்ஜின் பக்கத்தில் கொண்டுபோய் அந்த ஆவியை மூச்சில் இழுக்க வைப்பார்கள். அதற்கு என்ஜின் வேது என்று பெயர்.

என் தம்பிக்கு மூன்று வயது. இருமத் தொடங்கினால் முகம் நீலமாகிவிடும். அம்மா நொச்சி இலை போட்டு, போர்வையால் மூடி வேது பிடித்துப் பார்த்தாள். அவன் சட்டியை உதைத்துத் தள்ளினான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார் அப்பா. அங்கே போன பிள்ளை திரும்பாது என்று அம்மா அழுதே தடுத்துவிட்டாள்.

"கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போங்க. எல்லார் பிள்ளைக்கும் கேக்குது, நம்ம பிள்ளைக்குக் கேக்காதா?"

அப்பா என்ஜினுக்குக் கரி போடும் ஃபயர்மேன். மறுக்க அவருக்கு வழியில்லை.

மறுநாள் காலை நானும் ஒட்டிக்கொண்டேன். அப்பா தம்பியை வைத்துக்கொண்டு நிற்க, கூட வேலை செய்பவர் குழாயைத் திறந்தார். புஸ்ஸென்று ஆவி வந்து இருவரையும் மூடியது. உள்ளே தம்பி இருமினான், இருமினான், பிறகு சத்தமில்லை. ஆவி விலகியபோது அப்பாவின் தோளில் சாய்ந்திருந்தான். தூங்கிவிட்டான் என்று நான்தான் முதலில் சொன்னேன். அப்பா அவனை உலுக்கினார், நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். தூங்குகிற பிள்ளையை ஏன் எழுப்புகிறார் என்று எனக்கு எரிச்சல்.

நேராக வீட்டுக்குப் போகாமல் லைன் வீடுகளைச் சுற்றிச் சுற்றி நடந்தார். எனக்குக் கால் வலி. அவனை இறக்கிவிட்டு என்னைத் தூக்கச் சொல்லி அழுதேன். அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

அம்மா வாசலில் நின்றாள். இருமல் நின்றதா என்று கேட்டாள். அப்பா தலையாட்டினார். அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது, அன்று சிரித்தாள். பிள்ளையை வாங்க வந்தவளிடமிருந்து அப்பா விலகிக்கொண்டார்.

"தூங்கட்டும். நீ போயி கஞ்சி வையி."

அடுப்பை ஊதிக்கொண்டே அம்மா பேசித் தீர்த்தாள். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போக வேண்டும் என்றாள். அப்பா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கஞ்சி வேகும்வரையாவது அவள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ, சொல்லத் தைரியம் வரவில்லையோ, பாவம், இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று எனக்கிருந்த கவலை வேறு. தம்பிக்கு முதல் வாய் நான்தான் ஊட்டுவேன் என்று அடம்பிடித்தேன். எழுந்ததும் ஊட்டு என்று அம்மாவும் ஒத்துக்கொண்டாள். நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் எழுந்திருக்கட்டும் என்று அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.