எதுவும் அல்ல, ஏதோ ஒன்று

ஜாவா நிரல்மொழியில் பட்டியலின் பக்கத்தில் கேள்விக்குறி போட்டால் ‘எதுவும் போடலாம்’ என்று அர்த்தம் என நம்பியிருந்தேன். ‘எதுவும்’ தமிழில் இரண்டு பக்கமும் பேசுகிற சொல்: எதுவும் போடலாம், எதுவும் போட முடியாது. நான் எனக்கு வசதியான பக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

வேலை, ஒரு மருத்துவமனையின் வரிசைகளைக் கவனிக்கும் மென்பொருள். கூப்பிட்டும் வராதவரை முன்னாலிருந்து எடுத்துக் கடைசியில் சேர்க்க வேண்டும். நோயாளிகள், இரத்தக் குப்பிகள் என்று எந்தப் பட்டியலுக்கும் ஒரே நிரல் போதுமே என்று கேள்விக்குறியைப் போட்டேன். கம்ப்யூட்டர் எடுக்க விட்டது. எடுத்ததையே திரும்பச் சேர்க்கப் போனால், தப்பு என்று அடியில் சிவப்புக் கோடு.

பத்து மணிக்கு மருத்துவமனைக்காரர்களுக்குக் காட்ட வேண்டும். ஓடாவிட்டால் என் ஒப்பந்தத்தை நீட்டமாட்டார்கள். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று வியர்த்துக் கொட்டியது. கண்டி மஹய்யாவையில் என் வீட்டுக் கதிரையில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. மனைவி, எங்கள் மகளின் பிரசவத்துக்கு டோஹா போய் இரண்டு மாதம். அந்த வாரம் என்னோடு வாக்குவாதம் பண்ணியது அந்தச் சிவப்புக் கோடு மட்டும்தான். “ஒங்கிட்ட எடுத்ததத்தானே ஒங்கிட்டயே தர்றேன்!” என்று அதனிடம் கத்தியும் பார்த்தேன்.

கடைசியில், கொழும்பிலிருக்கும் எங்கள் குழுத்தலைவிக்குப் போன் எடுத்தேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என் வயதில் பாதி.

“மிஸ், கம்ப்யூட்டர் பழுதுங்க. எதுவும் போடலாம்னு சொல்லிட்டு ஒண்ணையும் போட விடமாட்டேங்குது.”

“பழுதில்லை அண்ணை. கேள்விக்குறி ‘எதுவும்’ இல்லை, ‘ஏதோ ஒண்டு’. மூடின சாப்பாட்டுப் பெட்டி மாதிரி. சைவக்காரரின்ர பெட்டிக்குள்ள நீங்கள் மீன் கட்லட்டைப் போட்டா?”

“அதே பெட்டியில எடுத்த கட்லட்டுங்க!”

“எடுத்த உடனை கம்ப்யூட்டருக்கு அது என்னெண்டு மறந்து போகும். ஒரு பேர் வையுங்கோ. இங்கிலீஷ் எழுத்து ‘டி’ எண்டு. பட்டியலும் ‘டி’, எடுக்கிறதும் ‘டி’.”

“ப்ளேன் டீயா, பால் டீயா?”

“அண்ணை, இன்னும் இருபது நிமிசம்தான் இருக்கு.”

புரிந்துவிட்டது. இருந்தாலும், “அங்க மழைங்களா?” என்று கேட்டேன். “இல்லை” என்றாள். வேறென்ன கேட்கலாம் என்று யோசிப்பதற்குள் வைத்துவிட்டாள்.

கேள்விக்குறியை அழித்துவிட்டு ‘டி’ போட்டேன். சிவப்புக் கோடு போனது. பத்து மணிக் காணொளிக் கூட்டத்தில் ஒரு நோயாளி வரிசையின் கடைசிக்கு நகர்ந்தார். ஓர் இரத்தக் குப்பியும் நகர்ந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பன்னிரண்டு நிமிடத்தில் எல்லோரும் திரையிலிருந்து போய்விட்டார்கள். ஒப்பந்தத்தை ஆறு மாதம் நீட்டினார்கள்.