சிவப்பு மையில் எழுதிய சிரிப்பு

எங்கள் குழுவின் நாடகங்களில் காதலுக்கு முதல் இருபது நிமிடம்தான். பூங்கா பெஞ்சு, ஒரு கடிதம், பெண்ணின் அப்பாவிடம் ஒரு பொய், கடைசியில் மாலை. விளக்கு அணைந்து மறுபடி எரியும்போது பெஞ்சு இருந்த இடத்தில் சோபா இருக்கும், அதே பெண் கையில் கரண்டியோடு நிற்பாள். அதற்குப் பிறகு அவள் எதைப் பேசினாலும் நகைச்சுவைதான். நகை கேட்பாள், மாமியாரைத் திட்டுவாள், புருஷன் நடுங்குவான். எந்த வீட்டில் புருஷன் இப்படி நடுங்குகிறான் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சிரித்தவள்தான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

எழுதுவது, இயக்குவது, புருஷனாக நடிப்பது எல்லாம் என் கணவர். வாரநாளில் அரசு வேலை, ஞாயிற்றுக்கிழமை மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு ஹாலில் ஒத்திகை. எட்டுப் பேருக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த என்னை ஒருநாள் பிராம்ப்ட் பண்ண நிறுத்தினார்கள். பக்கத்துத் திரைக்குப் பின்னால் நோட்டோடு நிற்க வேண்டும். யாராவது வசனத்தை மறந்தால் முதல் இரண்டு வார்த்தையை மெதுவாக எடுத்துக் கொடுக்க வேண்டும். பதினோரு வருஷம் நின்றேன்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஜனங்கள் சிரிக்கப்போகும் இடத்தில், நோட்டின் ஓரத்தில் சிவப்பு மையில் 'சி' என்று எழுதி வட்டம் போடுவார். சிரிப்பு அடங்கும்வரை நடிகர்கள் நிறுத்த வேண்டும், நானும் அடுத்த வசனத்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவர் வட்டம் போட்டு அரங்கம் சிரிக்காமல் போனது அபூர்வம். அதில் எனக்கும் கொஞ்சம் பெருமை இருந்தது.

நாடகத்தை நோட்டில் படியெடுப்பது எப்போதும் என் வேலை. போன வருஷம் புது நாடகத்துக்கு மட்டும் அவரே எழுதிக்கொண்டார். எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப்போட்டிருந்ததால் ஒத்திகையும் குரோம்பேட்டையில், மனைவியாக நடிக்கும் பெண்ணின் வீட்டு மாடிக்குப் போய்விட்டது. "நீதான் கை வலிக்குதுன்னு சொன்னியே, நானே எழுதிடறேன்" என்றார். அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். முதல் காட்சி பல்லாவரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். அன்று சாயங்காலம் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டே நோட்டை என்னிடம் நீட்டினார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

நோட்டில், கல்யாணத்துக்குப் பிறகு வரும் காட்சி. சாம்பாரில் உப்பு அதிகம் என்று மாமியார் திட்ட, மனைவி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். உள்ளே குழாய் கொட்டுகிற சத்தம். அவள் வெளியே வந்ததும் புருஷன் கேட்கிறான்: "அரை மணி நேரமா தண்ணி ஓடுதே, உள்ளே என்ன பண்றே?" மனைவி சொல்கிறாள்: "அழுதா வெளியே கேக்கக் கூடாதுன்னு குழாயைத் தொறந்துவிட்டேன்." அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு வட்டம். "அழறதுக்கு ஒரு டேங்க் தண்ணியா? இனிமே லாரி வர்ற அன்னிக்கு மட்டும் அழு" என்ற பதிலுக்குப் பக்கத்தில் இன்னொன்று.

அது என் வசனம். எங்கள் கல்யாணத்தின் மூன்றாம் வருஷம், நாலு மாதக் கரு கலைந்துபோனது. அப்போது வீட்டில் மாமியார், நாத்தனார், வந்துபோகிற உறவுக்காரர்கள். யார் முன்னால் அழுதாலும் எனக்கே ஒரு புத்திமதி கிடைக்கும். அதனால் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். அவருக்குக்கூடத் தெரியாது. பல வருஷம் கழித்து, பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பெருங்களத்தூரில் பஸ் ஒன்றரை மணி நேரம் நகரவில்லை. அப்போது ஏனோ சொல்லிவிட்டேன். அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பஸ் வண்டலூர் தாண்டும்வரை விடவில்லை. அன்பு என்றால் என்ன என்று யாராவது அன்று கேட்டிருந்தால் அந்தக் கையைக் காட்டியிருப்பேன்.

திரைக்குப் பின்னால் நின்று அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். பிள்ளையை எடுத்துவிட்டு உப்பைப் போட்டிருந்தார்.

காட்சி வந்தது. அந்தப் பெண்ணுக்கு வசனம் மறந்துவிட்டது, என் பக்கம் பார்த்தாள். 'அழுதா வெளியே' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். நான் நோட்டை மூடினேன். அவள் மறுபடியும் பார்த்தாள். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. என் கணவரும் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். புரிந்துகொண்டார் என்றுதான் நினைத்தேன். அவர் ஜனங்கள் பக்கம் திரும்பி, "வெளியே கேக்கக் கூடாதுன்னு குழாயைத் தொறந்துட்டு அழுதிருக்கா சார். என்னன்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்கறா" என்றார். மண்டபமே குலுங்கியது.

முடிந்து சாமான்களை ஏற்றும்போது மைக் செட்காரர் வந்தார். "சார், அந்தக் கொயா தண்ணி சீனு சோக்கா கீது சார்" என்றார். என் கணவர் சிரித்துக்கொண்டே அவர் தோளைத் தட்டினார்.

மறுநாள் காலை காபியை வைத்துவிட்டுக் கேட்டேன். "அதை எழுத எப்படி மனசு வந்தது உங்களுக்கு?"

பேப்பரைத் தாழ்த்தாமல், "உன் பேரைப் போடலையே. காரணத்தைக்கூட மாத்திட்டேன். யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

"எனக்குத் தெரியுமே."

பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "சரி, அந்த வசனத்தை எடுத்துடறேன், போதுமா?" என்றார். நான் உள்ளே திரும்பியபோது, "ஆனா ஒண்ணு, நேத்து நீ எடுத்துக் குடுக்காம நின்னது நல்லதாப் போச்சு. அந்த கேப்புதான் சீனையே தூக்கிடுச்சு" என்றார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன், மன்னிப்புக் கேட்பார் என்றுகூட ஒரு மூலையில் எதிர்பார்த்தேன். பாராட்டுவார் என்று நினைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கூடுவாஞ்சேரியில் அடுத்த காட்சி. வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாரா என்று பார்க்கத்தான் போனேன். திரைக்குப் பின்னால் நின்று பக்கத்தைப் புரட்டினேன். காப்பாற்றியிருந்தார். மனைவியின் வசனத்தின் மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடித்திருந்தது. அதன் கீழே அவருடைய அழகான கையெழுத்தில், "மனைவி பதில் சொல்லாமல் நிற்கிறாள். ஐந்து எண்ணும்வரை." பக்கத்தில் சிவப்பு வட்டம்.

காட்சி வந்தது. புருஷன் கேட்டான், அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு நின்றாள். இந்த முறை அவள் என் பக்கம் பார்க்கவில்லை. நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். மூன்றிலேயே சிரித்துவிட்டார்கள்.